அப்பா உயில் எழுத வேண்டும்: கத்தோலிக்கக் குடும்பத்துக்கு எப்படிப்பட்ட வக்கீலைப் பார்ப்பது?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர் மாவட்டம்)

எல்லாருக்கும் வணக்கம், மரியே வாழ்க. கொஞ்சம் நீளமாகவே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 71. நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். சொத்து என்று பார்த்தால் நாலு ஏக்கர் நஞ்சை, அதில் ஒரு பகுதி தாத்தா காலத்திலிருந்து குத்தகையில் இருக்கிறது. ஊரில் குடியிருக்கும் வீடு, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மனை, தபால் நிலையத்தில் கொஞ்சம் வைப்புத் தொகை. பிள்ளைகள் மூன்று பேர். நான் மூத்தவன், தம்பி குவைத்தில், தங்கை கன்னியர் மடத்தில். இது போக அம்மாவின் தங்கை மகள் ஒருத்தி சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து எங்கள் வீட்டில் வளர்ந்தாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, தத்தெடுத்ததற்கு எந்தக் காகிதமும் இல்லை.

அவளுக்கும் ஒரு பங்கு வேண்டும், மடத்தில் இருக்கும் தங்கையை ஒதுக்கக் கூடாது, பங்குக் கோயிலுக்கு ஒரு தொகை வைத்து வருடா வருடம் தாத்தா பாட்டி பேரில் பூசை நடக்க வேண்டும், தன்னை எங்கே அடக்கம் செய்வது, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாது, இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம்.

ஆவண எழுத்தர் செட்டில்மெண்ட், அதாவது அப்பா இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரம், போட்டுவிடலாம் என்கிறார். எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர் மாதிரி உயில் வைத்திருக்கிறேன், பெயரை மாற்றினால் போதும் என்கிறார். மனசு ஒப்பவில்லை. இதற்குக் கத்தோலிக்க வக்கீல்தான் வேண்டுமா? யாராவது நல்ல பெயர் சொல்லுங்களேன்.

கும்பகோணம் செல்வி

தம்பி, என் அனுபவத்தில் நம்ம ஆளாக இருப்பது நல்லது. எங்கள் அப்பாவுக்கு முதலில் பார்த்த வக்கீல், மடத்தில் இருக்கிற மகளுக்கு எதற்குப் பங்கு, அது சபைக்குத்தானே போகும் என்று அப்பா முகத்துக்கு நேராகவே கேட்டார். அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து உயிலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற குழு) ஒருவர் மூலமாக ஒரு கத்தோலிக்க வக்கீலைப் பார்த்தோம். முப்பது நாள் பூசை என்றால் என்ன, எதற்காகக் கல்லறையில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்கிறோம், எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா மனம் விட்டுப் பேசினார்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்து வக்கீலைத் தேர்வு செய்ய முடியாது. நான் நீதிமன்ற அலுவலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிறிஸ்தவ வக்கீல்கள் எழுதிய உயில்களிலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் வாசகங்கள் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டெல்டாவில் வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்களுடையவை. அதனால் கை பழகிப்போகிறது.

வெண்ணாற்றங்கரை, வக்கீலிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அப்பா உயில் எழுதாமலேயே போய்விட்டால் யாருக்கு எவ்வளவு வரும்? அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சரிசமம் என்று சொன்னால் அவர் சொல்வது இந்துச் சட்டம். நமக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 33ஆம் பிரிவுப்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் என்ற வேறுபாடு கிடையாது. மடத்தில் இருக்கிற மகள் என்று விலக்குகிற பிரிவும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு நாலில் ஒன்றா, மூன்றில் ஒன்றா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

அடுத்தது பூர்வீகச் சொத்து. தாத்தா வழி வந்த நிலம், பிறப்பாலேயே எனக்குப் பங்கு உண்டு, அப்பா இஷ்டத்துக்கு எழுத முடியாது என்று மகன்கள் பேசுவார்கள். இந்துக் கூட்டுக் குடும்பத்துக்குரிய அந்தக் கணக்கு கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தாத்தாவிடமிருந்து முறையாக அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவுடையது, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் தாத்தா இறந்தபோது அத்தைமார் இருந்தார்களா, அவர்கள் பங்கு என்ன ஆனது என்று பழைய பத்திரத்தைத் தேடிப் பார்க்கிற வக்கீலாக இருக்க வேண்டும். இங்கே எத்தனையோ வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு நகை போட்டு அனுப்பியதோடு சரி, பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதுகிற விடுதலைப் பத்திரமே கிடையாது.

வளர்ப்பு மகள் விஷயம்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. சட்டப்படி தத்து எடுக்காத பிள்ளைக்கு உயில் இல்லாமல் ஒரு சென்ட்டு கூட வராது. வளர்த்தோம், ரேஷன் கார்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் எடுபடாது. உயிலில் இன்னாரின் மகள் என்று சரியான தகப்பனார் பெயரோடு அவளைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். பாசத்தில் என் மகள் என்று மட்டும் எழுதிவிட்டால், எந்த மகள் என்று பின்னால் வழக்கு வரும்.

குடமுருட்டி

சிரஸ்தார் ஐயா சொன்னது ரொம்ப உபயோகம். நானும் ஒன்று சேர்க்கிறேன். சாட்சிக் கையெழுத்து விஷயத்தில் ஜாக்கிரதை. உயிலில் சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. 67ஆம் பிரிவு. இந்துக்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதால் பல பேர் கவனிப்பதே இல்லை. மருமகளைச் சாட்சி போடச் சொல்லி மகனுக்கு வர வேண்டியது போன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

உங்கள் தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? வெளிநாடு போகும்போது உயில் எழுதி வைத்துவிட்டுப் போகிற பையன்கள் உண்டு. கல்யாணம் ஆனால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்து. அது 69ஆம் பிரிவு. மறுபடி எழுதியாக வேண்டும்.

பாபநாசம் விவசாயி

நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. வீடு எந்த மனையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? நம்ம பக்கத்துக் கிராமங்களில் பாதி வீடு இந்துக் கோயில் அடிமனையிலோ ஆதீன மடத்து மனையிலோதான் நிற்கிறது. கத்தோலிக்கத் தெருவும் அதில் அடக்கம். அப்படி இருந்தால் அப்பாவுக்குச் சொந்தம் மேல்கட்டடம்தான். மனை அவருடையது இல்லை, அதை உயிலில் எழுத முடியாது. வீட்டை ஒருவனுக்கும் வயலை ஒருவனுக்கும் சமம் என்று பிரித்துவிட்டு, கடைசியில் வீடு வாங்கினவன் வாடகைதாரனாக நிற்பான்.

குத்தகை நிலமும் அப்படித்தான். சாகுபடி செய்கிறவர் 1969ஆம் வருடச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பதிவாகியிருந்தால், நிலத்தை யாருக்கு எழுதினாலும் அவருடைய உரிமை அதோடு கூடவே போகும். உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். இத்தனை வருடம் உழுதவருக்கு ஏதாவது செய்ய நினைக்கிறாரா என்று. விசுவாசத்தோடு உயில் எழுதுவது என்றால் பூசைக்குப் பணம் வைப்பது மட்டும் இல்லை என்பது என் எண்ணம். எங்கள் அய்யா உழுதவருக்கு ஒரு மா கிரயம் இல்லாமலே எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் குடும்பமும் நாங்களும் ஒன்றாகத்தான் தேர் இழுக்கிறோம்.

சிட்டா, அடங்கல், வில்லங்கம், தாய்ப்பத்திரம் எதையும் கேட்காமல் உயில் எழுத உட்காருகிற வக்கீலை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

பாபநாசம் அண்ணே, வீடு கோயில் மனைதான். அப்பாவைக் கேட்டேன், வருடா வருடம் மனை வாடகை கட்டுகிற ரசீது வைத்திருக்கிறார். எனக்கே இவ்வளவு நாள் தெரியாது.

சிரஸ்தார் ஐயா, அந்த வக்கீலிடம் கேட்டுவிட்டேன். அம்மா, மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நாலில் ஒன்று என்றார். அதோடு சரி.

ஆவண எழுத்தர் இன்னமும் செட்டில்மெண்ட்தான் நல்லது, உயில் என்றால் பின்னால் சண்டை வரும் என்கிறார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆலக்குடி

அவர் சொல்வது தப்பில்லை. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை குறைவு, உச்சவரம்பும் உண்டு. அப்பா இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும், பட்டாவும் மாறிவிடும். உயிலைப் பார், அப்பா போன பிறகு கையெழுத்து அவருடையதுதானா என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் செட்டில்மெண்ட் போட்டோம், ஒரு பிரச்சினையும் இல்லை.

கும்பகோணம் செல்வி

ஒரு பிரச்சினையும் இல்லை என்பது பிள்ளைகள் நல்லவர்களாக இருந்ததால். 71 வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள். அப்பா இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அந்த அம்மா மகன் வீட்டில் விருந்தாளிதானே? வேளாங்கண்ணியில் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பாருங்கள், பெற்றவர்களை விட்டுவிட்டுப் போன கதை ஒன்றாவது காதில் விழும்.

நாகை வழக்கறிஞர்

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் கத்தோலிக்கன் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. ஆனால் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் தொழில் செய்வதால் கிறிஸ்தவக் குடும்பங்களின் வேலை எனக்கு நிறைய வரும்.

முதலில், இங்கே வக்கீல் பெயர்களைக் கேட்காதீர்கள். நாங்கள் விளம்பரம் செய்யவோ ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிக்கவோ பார் கவுன்சில் விதி இடம் தராது. நானும் என் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் தாலுகா நீதிமன்றத்துக்குப் போய், சொத்து வழக்கு நடத்துகிறவர்களில் உயில் வேலையைப் பொறுமையாகச் செய்கிறவர் யார் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தாலே போதும். செலவு பயமாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச உதவி உண்டு.

செட்டில்மெண்ட் பற்றி. எழுதிக் கொடுத்த நிமிடமே சொத்து கைமாறிவிடும். உயிலை அப்பா உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கட்டாயம் செட்டில்மெண்ட்தான் என்றால் அப்பா அம்மா இருவருக்கும் ஆயுள்கால அனுபவ உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது இருந்தால்தான் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் போய் ரத்து கேட்க வலு இருக்கும்.

கோயிலுக்கு எழுதுவது பற்றிப் பழைய ஆட்கள் ஒரு பயம் காட்டுவார்கள். சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்னாலேயே எழுதி, ஆறு மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் ஒப்படைத்திருந்தால்தான் தர்மத்துக்கு எழுதியது செல்லும் என்று. அது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமட்டம் என்ற கத்தோலிக்கக் குருவானவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. இன்றைக்கும் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிற வக்கீல் இருந்தால் இருபது வருடமாகப் புத்தகத்தைப் புரட்டவில்லை என்று அர்த்தம். அதே மாதிரி, இந்தியக் கிறிஸ்தவர்கள் எழுதிய உயிலுக்கு 213ஆம் பிரிவின்படி புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது.

யார் பெயருக்கு எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பங்குச் சாமியார் பெயருக்கு எழுதாதீர்கள். அவர் மாற்றலாகிப் போவார். மறைமாவட்டச் சொத்தை எந்தப் பதிவு பெற்ற அமைப்பு வைத்திருக்கிறது என்று ஆயர் இல்லத்தில் சரியான பெயரைக் கேட்டு வாங்கி, இன்ன பங்கின் இன்ன காரியத்துக்காக என்று எழுத வேண்டும். உங்கள் ஊர் தஞ்சை மறைமாவட்டமா, கும்பகோணமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவையும் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெண்ணாற்றங்கரை, வக்கீலைத் தேடுவது நீங்கள். ஆவண எழுத்தரிடம் பேசியதும் நீங்கள். நாளைக்கு உயிலில் பங்கு பெறப்போவதும் நீங்கள். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது படிக்கும்போதே தெரிகிறது. ஆனால் பயன் பெறுகிறவரே முன்னின்று உயிலை எழுத வைத்தால் நீதிமன்றம் அதைச் சந்தேகச் சூழ்நிலையாகவே பார்க்கும். வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1959லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விதி இது. வக்கீல் உங்களுடைய வக்கீல் இல்லை, உங்கள் அப்பாவின் வக்கீல். உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசுகிறவர் எவரோ, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் எந்த மதம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கும்பகோணம் செல்வி

வழக்கறிஞர் ஐயா, கடைசியாகச் சொன்னது மனதில் பட்டது. ஆனால் மதம் பிறகு என்பதை முழுசாக ஏற்க முடியவில்லை. வயசானவர்கள் எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒரு பிள்ளை திருச்சபையை விட்டு வேறு சபைக்குப் போய்விட்டான், அவனுக்கு வீட்டைக் கொடுத்தால் மாதா சுரூபத்தை எங்கே வைப்பான் என்று எங்கள் அப்பா கவலைப்பட்டார். அந்தக் கவலை புரிகிற ஆளிடம்தான் அதைச் சொல்ல முடிந்தது.

நாகை வழக்கறிஞர்

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. அந்தக் கவலையைக் கேட்கிற காது வேண்டும். அது என் மதத்து வக்கீலிடமும் இருக்கலாம், உங்கள் மதத்து வக்கீலிடம் இல்லாமலும் போகலாம். முதல் சந்திப்பிலேயே அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

மடத்துப் பிள்ளை

நான் ஒரு துறவற சபையைச் சேர்ந்த கன்னியர். தங்கையைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

திருச்சபைச் சட்டம் 668ஆம் பிரிவுப்படி நாங்கள் முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவற வாக்குறுதிக்கு) முன் எங்கள் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கிறோம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லுகிற உயில் எழுதியாக வேண்டும். அதனால் உங்கள் தங்கை ஏற்கெனவே ஓர் உயில் எழுதியிருப்பார். அப்பாவிடமிருந்து வரும் பங்கு எங்கே போகும் என்பது அதையும் அவருடைய சபையின் ஒழுங்கையும் பொறுத்தது. முழுசாகத் துறக்கிற சபைகளும் உண்டு.

தயவுசெய்து தங்கையிடம் கேளுங்கள். அவரை ஒதுக்கவும் வேண்டாம், அவர் வேண்டாம் என்பார் என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். என் அப்பா எனக்கென்று எழுதிய சின்னத் தொகையை மாகாணத் தலைவியின் அனுமதியோடு என் அக்காளின் மகள் படிப்புக்குக் கொடுத்தேன். பணம் என் கையில் தங்கவில்லை. ஆனால் அப்பா என்னையும் பிள்ளையாக எண்ணி எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வருடாந்தரப் பூசை பற்றியும் ஒரு வார்த்தை. என்றென்றும் என்று எழுதாதீர்கள். இப்படிப்பட்ட நிதியை ஒரு பங்கு ஏற்றுக்கொள்ள ஆயரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும், எத்தனை வருடத்துக்கு என்பதையும் மறைமாவட்ட விதிதான் சொல்லும். முதலில் பங்குத்தந்தையிடம் பேசி, ஆயர் இல்லத்தில் கேட்டு, அவர்கள் ஏற்கிற காலத்தை உயிலில் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால் அதை மிகக் கவனமாக நிறைவேற்ற வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1300ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அதனால்தான் ஆயர் இல்லத்திலும் அவசரப்பட்டு ஏற்பதில்லை.

டல்லாஸ் தம்பி

அண்ணே, நான் அமெரிக்காவில் இருக்கேன், சொந்த ஊர் மன்னார்குடி. இங்கே கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்றே எஸ்டேட் பிளானிங் செய்கிற அட்டர்னிகள் இருக்காங்க. உயில், டிரஸ்ட், மருத்துவ முடிவெடுக்க ஒரு ஆள், ஞாபகசக்தி போனாலும் நீடிக்கிற பவர், எல்லாம் ஒரே கட்டாகப் போட்டுத் தருவாங்க. அதையே அப்பாவுக்கும் செய்யலாம்னு ஊரில் கேட்டேன். பவர் பத்திரம் மட்டும் இங்கே மாதிரி அங்கே வேலை செய்யாதாமே, உண்மையா?

நாகை வழக்கறிஞர்

உண்மைதான் தம்பி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துவிடும். அப்பாவுக்கு மறதி நோய் வந்த பிறகு பவரைக் காட்டி நிலத்தை விற்றால் அந்தக் கிரயம் நிற்காது. மகன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று. இந்தியாவில் இருக்கும் அசையாச் சொத்துக்கு இந்தியச் சட்டம்தான், நீங்கள் எங்கே குடியிருந்தாலும். உங்கள் டல்லாஸ் வக்கீல் எழுதிய உயிலில் மன்னார்குடி வீட்டையும் சேர்த்திருந்தால், இங்கே ஒரு வக்கீலிடம் காட்டி இந்தியச் சொத்துக்கு மட்டும் தனியாக ஒன்று எழுதுங்கள். பின்னால் எழுதுவது முன்னால் எழுதியதை ரத்து செய்கிறது என்ற வாசகம் இரண்டிலும் இருக்கும், அது ஒன்றையொன்று அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர் மகள்

எங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சிக்கல். அப்பா கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர். சாதிச் சான்றிதழில் இன்னமும் இந்து. அவருக்குத் தாத்தா வழியில் கொஞ்சம் நிலம் வர வேண்டும். எங்களுக்கு வருமா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

மகளே, மதம் மாறியதால் உன் அப்பாவின் உரிமை போகாது. ஆனால் அவர் மதம் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, இந்து உறவினரின் சொத்தில் நேரடியாக வாரிசுரிமை இல்லை என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் அப்பா இருக்கும்போதே அவர் பங்கு பிரிந்து அவர் பெயருக்கு வந்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் உங்களுக்கு எழுதலாம். சான்றிதழில் ஒன்று, பங்குப் பதிவேட்டில் ஒன்று என்று இருப்பதை வக்கீலிடம் மறைக்காதே. நம்ம மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன, வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதே அதில்தான் தொங்குகிறது.

வேளாங்கண்ணிச் செவிலி

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். அதை உயிலில் எழுதிப் பயனில்லை. உயிலை எடுத்துப் படிப்பதே அடக்கத்துக்குப் பிறகுதான். அடக்கம் எங்கே என்பதையும் அதனால் தனித் தாளில் எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

மருத்துவத்துக்கு முன்கூட்டிய மருத்துவ உத்தரவு என்று தனி ஆவணம் இருக்கிறது. 2018இல் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. 2023இல் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி போதும். அப்பா சார்பில் முடிவெடுக்க நம்பிக்கையானவர்களின் பெயரையும் அதில் எழுதலாம்.

நம்ம திருச்சபை என்ன சொல்கிறது என்று வீட்டுக்காரர்கள் ஐ.சி.யூ. வாசலில் நின்று கேட்பார்கள். கருணைக் கொலை கூடவே கூடாது. ஆனால் பலனுக்கு மிஞ்சிய பாரமான சிகிச்சையை நிறுத்தலாம், அது கொலை ஆகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2278ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. உணவும் தண்ணீரும் அப்படி இல்லை. உடம்பு ஏற்கிற வரை அது அடிப்படைப் பராமரிப்பு, பொதுவாக நிறுத்தக் கூடாது. ஆங்கிலத்தில் சுற்றுகிற மாதிரிப் படிவங்களில் குழாய் வழி உணவையும் வென்டிலேட்டரையும் ஒரே வரியில் வேண்டாம் என்று எழுதியிருக்கும். அதை அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பங்குத்தந்தையிடமும் தெரிந்த டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு எழுதுங்கள். நோயில் பூசுதல் கொடுக்க உடனே சாமியாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியும் சேருங்கள். நினைவு தப்பிய பிறகு ஓடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

குடமுருட்டி

செவிலி அக்காவுக்கு நன்றி. இதை எங்கள் அன்பியக் கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன்.

வெண்ணாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவையே இந்த இழையைப் படிக்க வைத்தேன். தனக்கு வக்கீலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் பழக்கமான ஒருவர் சொல்லி, தஞ்சாவூரில் ஓர் அம்மாவைப் பார்த்தார். அவர் இந்து. சிரஸ்தார் ஐயாவின் கேள்வியை அப்பாவே கேட்டாராம், மூன்றில் ஒன்று என்று யோசிக்காமல் பதில் வந்ததாம். அத்தைமார் பங்கு என்ன ஆனது என்று கேட்டதும் அந்த அம்மாதான். ஒரு அத்தையிடம் விடுதலைப் பத்திரம் இல்லை. அதை முதலில் சரி செய்யப்போகிறோம். என்னை வராண்டாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள், உள்ளே அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தங்கையிடம் பேசினேன். அப்பா எழுதட்டும், நான் மதரிடம் சொல்கிறேன் என்றாள். பூசைக்கான தொகை விஷயமாகப் பங்குத்தந்தை ஆயர் இல்லத்துக்கு எழுதியிருக்கிறார். குத்தகைக்காரர் பற்றி அப்பா தானாகவே ஏதோ முடிவு வைத்திருக்கிறார் போல.

கடைசியாக ஒன்று. உயிலைப் பதிவு செய்தால் ஊருக்கே தெரிந்துவிடுமா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற பங்காளிகள் உண்டு.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

தெரியாது தம்பி. உயில் பதிவாவது பதிவு அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில், வில்லங்கத்தில் வராது. அப்பா உயிரோடு இருக்கும் வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். பதிவு கட்டாயம் இல்லை, முத்திரைத் தீர்வையும் இல்லை. ஆனாலும் உங்கள் அப்பா வயதில் பதிவு செய்வதுதான் நல்லது, சார்பதிவாளர் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டார் என்பது பின்னால் உதவும். அதே நாளில் டாக்டரிடம் மனநிலை நன்றாக இருக்கிறது என்று ஒரு சான்று வாங்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த டாக்டரையே ஒரு சாட்சியாகப் போடலாம். சாட்சிகள் அப்பாவை விட வயதில் இளையவர்களாக, ஊரிலேயே இருக்கிறவர்களாக இருக்கட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அப்பா நினைத்தால், உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கிற வழியும் இருக்கிறது.

உயிலில் உள்ளதைச் செய்து முடிக்கிற நிறைவேற்றுநராக உங்களை மட்டும் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். உங்களோடு வெளி ஆள் ஒருவரும் இருக்கட்டும். உயிலுக்கான ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.